படபடப்புக்கு மாத்திரை: மலையகத்தில் இருந்துகொண்டு எதைத் தேர்வது?

இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்று ஈசிஜி பார்த்துச் சொன்ன அன்றைக்கே இரண்டு மூன்று புது மாத்திரைகள் கைக்கு வந்துவிடும். துடிப்பைக் குறைக்க ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, சிலருக்குத் தாளத்தைச் சரிப்படுத்த இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பேச்சு தொடங்கும். “அது எலி மருந்தாம்”, “மேல் லயத்து மாமா அந்தக் குளிசையைப் போட்டுத்தான் இரத்தமா வாந்தி எடுத்தார்”, “சும்மா படபடப்புக்கு எதுக்கு இவ்வளவு மருந்து?” சிக்கல் என்னவென்றால், இந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உண்மையிலேயே எலிகளைக் கொல்லப் பயன்பட்ட பொருள்தான். மனிதருக்கான மருந்தாக 1954இல் அனுமதி பெற்றது. இரத்தக்கசிவும் உண்மை. ஆனால் மாத்திரை ஆபத்தா என்று தனியாகக் கேட்டால் எல்லா மாத்திரைக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். எதற்குப் பதிலாக எதை, யாருக்கு, எந்த ஊரில் இருந்துகொண்டு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கண்டி நகரில் இருப்பவருக்குச் சரியான மருந்து, பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் இருப்பவருக்குச் சரிப்படாமல் போகலாம்.

அதற்கு முன், எந்தக் கோளாறு என்று தெரிய வேண்டும். இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அடுத்தது தாமதித்து, நெஞ்சில் தொக்கென்று ஒரு உதை விழுவது பலருக்கும் உண்டு. இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் இதற்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. சிலருக்குக் கொடுத்தால் கெடுதல் என்றும் ஒரு காலத்தில் தெரியவந்தது. மாரடைப்பு வந்தவர்களிடம் இந்த அதிகப்படித் துடிப்புகளை அடக்கினால் சாவு குறையும் என்று நம்பி, காஸ்ட் என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். துடிப்புகள் அடங்கின. ஆனால் மருந்து எடுத்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். ஃப்ளெகெய்னைட், என்கெய்னைட் என்ற இரண்டு மருந்துகளையும் 1989இல் ஆய்வின் நடுவிலேயே நிறுத்த வேண்டிவந்தது. ஈசிஜி அழகாக வருவதும் ஆள் பிழைப்பதும் வேறு வேறு என்று வைத்திய உலகம் அப்போதுதான் நன்றாக உணர்ந்தது.

கிளினிக் கொப்பியில் ‘ஏஎஃப்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பதன் சுருக்கம் அது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நாடி பிடித்துப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தட்டுப்படாது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏஎஃப் உள்ளவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. படபடப்பே தெரியாத ஆளுக்கும் இது பொருந்தும்.

எல்லாரும் கவலைப்படுவது படபடப்பை நிறுத்தும் மாத்திரையைப் பற்றி. கையையும் காலையும் பேச்சையும் காப்பது பெரும்பாலும் அது இல்லை. ஆகவே முதலில் எடுக்க வேண்டிய முடிவு இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைப் பற்றியது. துடிப்பு மருந்து அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிப் பேசுவதால்தான் பல வீடுகளில் தேவையான மாத்திரை மேசையில் கிடக்கிறது, தேவை குறைந்தது தவறாமல் உள்ளே போகிறது.

உறைவைத் தடுக்க: அஸ்பிரின், வார்ஃபரின், புதிய மாத்திரைகள்

யாருக்கு இது வேண்டும் என்பதற்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. இதயம் பலவீனம், பிரஷர், சீனி வருத்தம், இரத்தக்குழாய் நோய் இவற்றுக்குத் தலா 1. வயது 65 முதல் 74 வரை என்றால் 1, 75 தாண்டினால் 2. முன்பே பாரிசவாதம் வந்திருந்தால் 2. புள்ளியே இல்லாத இளவயதுக்காரருக்கு இந்த மருந்தின் இரத்தக்கசிவு ஆபத்துதான் மிஞ்சும், நன்மை இல்லை. 2 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்தான தேர்வு. நடுவில் 1 மட்டும் இருப்பவர்கள் டொக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள்.

அஸ்பிரினைச் சட்டென்று தள்ளிவிடலாம். ‘கடுமையான மருந்து வேண்டாம், ஒரு சின்ன அஸ்பிரின் போதும்’ என்ற சமாதானம் இன்னும் காதில் விழுகிறது. ஏஎஃப்பில் வார்ஃபரின் பாரிசவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, அஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். வயிற்றுப் புண்ணும் இரத்தக்கசிவும் மட்டும் அஸ்பிரினிலும் உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அபிக்சபான் என்ற புதிய மாத்திரையை அஸ்பிரினோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பாரிசவாதம் பாதிக்கும் கீழே போனது, பெரிய இரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாரடைப்புக்காகவோ ஸ்டென்ட் வைத்ததற்காகவோ அஸ்பிரின் எடுப்பவர் கதை தனி. அவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

மிச்சம் இருப்பது வார்ஃபரினும் புதிய மாத்திரைகளும். உண்மையான போட்டி இங்கேதான்.

வார்ஃபரின் பழையது, மலிவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையின் எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் கட்டி, மேலே ஏறினால் கசிவு. தொடக்கத்தில் சில நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை, நிலைத்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று இரத்தம் கொடுக்க வேண்டும். பேப்பரில் படிக்கும்போது இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தோட்டத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாட்பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். விடியுமுன் இறங்கி, பஸ் பிடித்து, டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போய், வரிசையில் நின்று, மத்தியானத்துக்குப் பிறகு முடிவு வாங்கித் திரும்பும்போது அன்றைய கொழுந்து போயிருக்கும். துணைக்கு மகளும் வந்தால் இரண்டு பேர் சம்பளம். இப்படி இரண்டு மாதம் போனவர் மூன்றாவது மாதம் ‘போன தடவை போட்ட அளவையே போடுவோம்’ என்று வீட்டில் இருந்துவிடுகிறார். வார்ஃபரினின் ஆபத்தில் பெரும் பங்கு இப்படிப் பரிசோதனை தவறுவதில் இருக்கிறது.

அடுத்தது சாப்பாடு. வார்ஃபரின் விற்றமின் ‘கே’க்கு எதிராக வேலை செய்யும் மருந்து. கீரை வகைகளிலும் இலைக் காய்கறிகளிலும் அந்த விற்றமின் நிறைய. வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், லீக்ஸ், கோவா எல்லாம் நம் தட்டில் இருப்பவை. இவற்றைத் தொடவே கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது தேவையில்லாத பயம். ஒரே மாதிரி சாப்பிட்டால் போதும், அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ற அளவை டொக்டர் வைத்துவிடுவார். தொல்லை தருவது ஏற்ற இறக்கம். சந்தையில் கோவாவும் லீக்ஸும் விலை விழுந்த வாரம் மூன்று வேளையும் அதே கறி, விலை ஏறியதும் பருப்பும் கிழங்கும் என்று மாறினால் ஐஎன்ஆரும் கூடவே ஆடும். தேத்தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தேயிலையில் விற்றமின் ‘கே’ இருந்தாலும் வடித்த தேத்தண்ணீரில் இறங்குவது மிகக் கொஞ்சம். வழக்கம்போலக் குடிக்கலாம்.

வார்ஃபரினோடு ஒத்துப்போகாத மருந்துகளின் பட்டியல் நீளம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரொனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இரண்டும் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். இடுப்பு வலிக்குப் பாமசியில் கேட்டவுடன் கொடுக்கும் டைக்ளோபெனாக், வார்ஃபரின் ஆனாலும் புதிய மாத்திரை ஆனாலும் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். பனடோல் சொன்ன அளவில் பரவாயில்லை. என்ன மூலிகை என்று சொல்லத் தெரியாத உருண்டைகளையும் கசாயத்தையும் இந்த மருந்தோடு சேர்க்க வேண்டாம். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஐஎன்ஆரைக் கணிக்க யாராலும் முடியாது, அவ்வளவுதான்.

புதியவை என்று சொல்வது டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான், எடொக்சபான் ஆகியவற்றை. முதல் மூன்றின் பெரிய ஆய்வுகள் 2009க்கும் 2011க்கும் இடையில் வந்தன. வார்ஃபரினுக்குக் குறையாமல் பாரிசவாதத்தைத் தடுத்தன, மூளைக்குள் கசியும் ஆபத்தை ஏறத்தாழப் பாதியாக்கின. ஐஎன்ஆர் வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பஸ் ஏறி இறங்க முடியாத மலைக்காரருக்கென்றே செய்த மருந்து போலத்தான் இருக்கிறது.

ஆனால் இவற்றுக்கும் தங்கள் ஆபத்து உண்டு. முதலாவது, மறதி. வார்ஃபரினின் வேலை உடம்பில் சில நாள் நிற்கும், ஒரு வேளை தவறினால் உடனே ஒன்றும் ஆகாது. புதிய மாத்திரையின் பாதுகாப்பு ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். அபிக்சபானும் டபிகட்ரானும் காலை மாலை இரு வேளை. ரிவரொக்சபான் ஒரு வேளைதான், ஆனால் வயிறு நிறைந்த சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் தேத்தண்ணீரோடு போட்டால் உடம்பில் போதியளவு சேராது. காலையில் ஒரு ரொட்டியோடு மலைக்கு ஓடுபவர் இதை இராச்சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. டபிகட்ரான் கூடு (கெப்சூல்) ஈரத்தில் கெட்டுப்போகும். நுவரெலியாப் பக்கம் மழைக்காலத்தில் தீப்பெட்டி கூட நமத்துப்போகிற வீட்டில் அதை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

இரண்டாவது, சிறுநீரகம். டபிகட்ரானில் ஏறத்தாழ 80 வீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அபிக்சபானில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட. ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது, வயதானவர்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் அதைவிட அடிக்கடி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். ஐஎன்ஆர் வேண்டாம் என்றால் இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது பிழை.

மூன்றாவது, நம் பெண்களைத் தொடும் விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அபிக்சபானின் வழக்கமான அளவு 5 மில்லிகிராம் இரு வேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அல்லது மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் பொதுவாக 2.5 ஆகக் குறைப்பார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்த அம்மாக்களில் 60 கிலோவைத் தொடாதவர்கள் ஏராளம். ‘மெலிந்த உடம்பு, பாதி போதும்’ என்று எடையை மட்டும் பார்த்துக் குறைத்தால் காசும் போகும், பாதுகாப்பும் பாதிதான் இருக்கும். பாதி அளவு எழுதியிருந்தால் ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம். சரியான காரணம் இருந்தால் டொக்டர் சொல்வார்.

நான்காவது, காசு. இந்த மாத்திரைகள் அரச கிளினிக்கில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது, பலர் வெளியே பாமசியில்தான் வாங்குகிறார்கள். சம்பளம் வந்த வாரம் பத்து மாத்திரை, பிறகு கடன் தீர்ந்ததும் இன்னும் பத்து என்று வாங்கினால், இடையில் வரும் வெறும் நாட்களில் உறைவுக்கு எந்தத் தடையும் இல்லை. பாதி மாதம் விலையுயர்ந்த மாத்திரை, பாதி மாதம் ஒன்றும் இல்லை என்பதைவிட, ஒழுங்காகப் போடும் இலவச வார்ஃபரின் எத்தனையோ மேல். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடை கடையாக அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிந்து பாதைகள் அறுந்தபோது காசு இருந்தவர்களும் கடைக்குப் போக முடியவில்லை. எந்த மருந்தை எடுத்தாலும் இரண்டு வாரத்துக்கு மிச்சம் கையில் இருக்க வேண்டும். புதிய மாத்திரை என்றால் அது கட்டாயம்.

இவ்வளவையும் ஒரே அடியில் தள்ளிவைக்கும் ஒரு நிலைமை உண்டு: வால்வு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த ருமாட்டிக் காய்ச்சல், வருடங்கள் கழித்து இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். ஒரு காம்பிராவில் ஆறேழு பேர் நெருங்கிப் படுத்த லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இது அந்நியமான நோய் அல்ல. இந்த வால்வுச் சுருக்கம் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தாலும், உலோக வால்வு பொருத்தியிருந்தாலும் வார்ஃபரின்தான். 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயோடு ஏஎஃப் உள்ள 4,500க்கும் மேற்பட்டோரில் ரிவரொக்சபான் எடுத்தவர்கள் வார்ஃபரின் வகை எடுத்தவர்களைவிடக் கூடுதலாக இறந்தார்கள். புதியது எப்போதும் சிறந்தது என்று நினைத்திருந்த பலருக்கு அது ஆச்சரியம். ஆகவே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் புதிய மாத்திரைக்கு மாறவே கூடாது. வார்ஃபரின் எடுக்கும் இளம் பெண்ணுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: கருவில் இருக்கும் பிள்ளையை அது பாதிக்கும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் வந்தவுடனேயே, நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்காமல், கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

இரத்தம் இளகிய உடம்போடு மலையில் வேலை செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். அட்டை கடித்தால் வழக்கத்தைவிட நேரம் ஒழுகும். அட்டையின் எச்சிலிலேயே ஹிருடின் போன்ற உறைவுத் தடுப்பி இருக்கிறது, இரத்தத்தை உறைய வைக்கும் திராம்பின் என்ற பொருளை அது தடுக்கிறது, டபிகட்ரானும் அதையேதான் தடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். கவ்வாத்துக் கத்தி விஷயம் அப்படி இல்லை. வார்ஃபரினோ புதிய மாத்திரையோ எடுக்கும் ஆளுக்குக் கவ்வாத்து வேலை கொடுக்காமல் வேறு வேலை கேட்டு வாங்குவதுதான் நியாயம். பல் பிடுங்குவது, சத்திரசிகிச்சை, டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சல் எல்லாவற்றிலும் மருந்தின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். டெங்கில் இரத்தத் தட்டுகள் இறங்கும், அந்த நேரம் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஆஸ்பத்திரியில்தான் முடிவு செய்வார்கள்.

துடிப்பைக் குறைப்பதா, தாளத்தை மீட்பதா?

இங்கே இரண்டு வழி. ஏஎஃப்பை இருக்க விட்டு, வேகத்தை மட்டும் குறைப்பது ஒன்று. ஏஎஃப்பையே விரட்டிப் பழைய தாளத்தைக் கொண்டுவருவது மற்றது. இரண்டாவதுதான் உயர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வு 4,000க்கும் மேற்பட்டோரை வைத்துப் பார்த்தது. சாவில் இரண்டு வழிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020இல் ஈஸ்ட் என்ற ஆய்வு, நோய் கண்டுபிடித்த ஒரு வருடத்துக்குள் தாளத்தை மீட்கத் தொடங்கினால் பாரிசவாதமும் இதயச் சிக்கல்களும் குறைவதைக் காட்டியது. அதாவது புதிதாக ஏஎஃப் வந்தவர் தாள வழியைக் கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது, பல வருடமாக ஏஎஃப்போடு நடமாடுபவர் அதற்காகக் கடுமையான மருந்துகளைச் சுமக்கத் தேவையில்லை. தாளம் திரும்பிவிட்டது என்று உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்துவது மட்டும் இரண்டு வழியிலும் பிழை. நிறுத்துவதும் தொடர்வதும் அந்தப் புள்ளிக் கணக்கைப் பொறுத்தது.

வேகத்தைக் குறைப்பதில் முதலில் வருவது பிசொப்ரொலோல், மெட்டொப்ரொலோல் போன்ற பீட்டா தடுப்பிகள். பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் ஏற்றத்தில் ஏறும்போது இதயம் ஓட வேண்டிய அளவுக்கு ஓட விடாது, கால் கனக்கும். குளிரில் விரல் நுனி மரத்துப்போகும், இராகலையிலும் நுவரெலியாவிலும் டிசம்பர், ஜனவரி விடியலில் இது நன்றாகத் தெரியும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வையை நம்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. துடிப்பு ரொம்பக் குறைய வேண்டும் என்ற அவசரமும் இல்லை: ஓய்வில் 110க்குக் கீழ் என்ற தளர்வான இலக்கு, 80க்குக் கீழ் என்ற இறுக்கமான இலக்குக்குச் சளைத்ததல்ல என்று 2010இல் காட்டிவிட்டார்கள். அளவை ஏற்றிக்கொண்டே போய் ஆள் சோர்ந்து விழுவதைவிட இது நல்லது.

ஆஸ்துமாக்காரருக்கு வெரபமில் அல்லது டில்டியாசெம் பொருந்தலாம். மலச்சிக்கலும் கால் வீக்கமும் வரும். இதயத்தின் பம்ப் பலவீனமானவருக்கு இவை ஆகாது, பீட்டா தடுப்பியோடு வெரபமில் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு விழலாம்.

டிஜொக்சின் ஒரு பூச்செடியிலிருந்து வந்த மிகப் பழைய மருந்து. மலைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: உட்கார்ந்திருக்கும்போது துடிப்பை நன்றாகக் குறைக்கும், படி ஏறும்போது அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே இன்னும் மலைக்குப் போகிற ஆளுக்கு டிஜொக்சின் மட்டும் போதாது. வீட்டோடு இருக்கும் முதியவருக்கு அது மோசமான தேர்வல்ல. 2020இல் வந்த ஓர் ஆய்வில் 60 தாண்டியவர்களுக்குச் சிறிய அளவு டிஜொக்சினும் பிசொப்ரொலோலும் வாழ்க்கைத் தரத்தில் ஒன்றுக்கொன்று குறையவில்லை. ஆனால் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சின்னது. வாந்தி வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் இறங்கினாலோ சிறுநீரகம் தளர்ந்தாலோ அதே மாத்திரை நஞ்சாகும். சாப்பாடு பிடிக்காமை, குமட்டல், பார்வையில் மஞ்சள் படிவது இவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது.

தாளத்தை மீட்கும் மருந்துகளில் நம் பக்கம் அடிக்கடி கேட்கும் பெயர் அமியொடரோன். நன்றாக வேலை செய்யும், பலவீனமான இதயத்துக்கும் கொடுக்கலாம். அதனால்தான் அதன் தீங்கைப் பேசுவது முக்கியம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயடின் இருக்கிறது, உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 0.15 மில்லிகிராம்தான். தைரொய்ட் தளரலாம் அல்லது வெறித்தனமாக ஓடலாம். நுரையீரலில் தழும்பு விழலாம், ஈரல் கெடலாம், வெயில் பட்ட தோல் எரிந்து நாளாக நாளாக நீலம் பாயலாம். நாள் முழுக்க மலை வெயிலில் நிற்பவருக்குக் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

இதில் எனக்குப் பயம் தருவது வேறு. தைரொய்ட் தளர்ந்தால் குளிர் தாங்காது, சோர்வு வரும். நுரையீரல் பாதித்தால் வறட்டு இருமலும் ஏற்றத்தில் மூச்சிரைப்பும் வரும். தலவாக்கலையில் இருப்பவர் இந்த நான்கையும் பனிக்கும் வயதுக்கும் எழுதிவைத்துவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவார். அமியொடரோன் எடுப்பவருக்குப் புதிதாக வந்த இருமல், பனியால் வந்தது இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை மாத்திரையால் வந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொய்ட், ஈரல் பரிசோதனை. தொடங்கும்போது நெஞ்சு எக்ஸ்ரே. இவற்றுக்குப் போக முடியாதவர் இந்த மருந்துக்கு ஏற்ற ஆள் இல்லை. நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாதங்கள் ஆகும். வார்ஃபரின் எடுப்பவருக்கு அமியொடரோன் சேர்த்தால் வார்ஃபரினை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க வேண்டிவரும், டிஜொக்சினையும் ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும். இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு கொப்பி வைத்திருப்பவர்களுக்கு விபத்து நடப்பது இந்த இடத்தில்தான்.

ஃப்ளெகெய்னைட், இதயத்தில் வேறு கோளாறே இல்லாதவருக்கு நல்ல மருந்து. மாரடைப்பு வந்தவருக்கு அதுவே எமன், காரணம் மேலே சொன்ன காஸ்ட் ஆய்வு. சொட்டலோல் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மீண்டும் தயாராகும் நேரத்தை) நீட்டி வேறொரு கொடிய தாளத்தைக் கிளப்பக்கூடும், ஆஸ்பத்திரியில் வைத்துத் தொடங்குவதே முறை. மருந்தே பிடிக்காதவருக்கு அப்லேஷன் என்ற வழி இருக்கிறது. தொடை இரத்தக்குழாய் வழியே கம்பி விட்டுக் கோளாறான இடத்தைச் சுட்டுவிடுவது. கொழும்பு வரை போக வேண்டியிருக்கலாம், காத்திருப்பும் உண்டு. ஆனால் வயது குறைந்து, படபடப்பு வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், பத்து வருடம் அமியொடரோன் போடுவதைவிட ஒருமுறை கொழும்புக்குப் போவதே மேல் என்பது என் கட்சி.

ஆளுக்கு ஆள்

68 வயது, பிரஷரும் சீனியும் உள்ள அம்மா, வால்வு நன்றாக இருக்கிறது, மகன் கொழும்பில் வேலை, மாதா மாதம் காசு அனுப்புகிறான் என்றால் அபிக்சபானும் சிறிய அளவு பிசொப்ரொலோலும் என்று டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதே அம்மாவுக்குக் காசு நிச்சயமில்லை, ஆனால் ஐஎன்ஆர் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒரு பஸ்ஸில் எட்டும் என்றால் வார்ஃபரின். மாத்திரை 1, 3, 5 மில்லிகிராம் என்று வெவ்வேறாக வரும். கம்பனி மாறினால் நிறமும் மாறலாம் என்பதால் உறையில் உள்ள எண்ணை வாசித்துப் போட வேண்டும்.

40 வயதுக்குக் கீழே, சுருங்கிய மைட்ரல் வால்வோடு ஏஎஃப் வந்த பெண்: வார்ஃபரின், பீட்டா தடுப்பி, வால்வுக்கான சிகிச்சைக்கு விரைவாகக் கண்டி. இதில் பேரம் இல்லை.

45 வயது த்ரீவீல் ஓட்டுநர், இடைக்கிடை வந்து போகும் ஏஎஃப், வேறு நோய் இல்லை: புள்ளி பூச்சியம், உறைவு மருந்து வேண்டாம். தைரொய்ட் பார்க்க வேண்டும். சம்பள நாளிலும் தீபாவளியிலும் குடித்த மறுநாள் படபடப்பு வருகிறதா என்று அவரே நாட்காட்டியில் குறித்துப் பார்க்கலாம். 2020இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் குடியை நிறுத்தியவர்களுக்கு ஏஎஃப் திரும்ப வருவது குறைந்தது. எந்த மாத்திரைக்கும் இல்லாத மலிவு அதில் உண்டு.

82 வயதுத் தாத்தா, அடிக்கடி தடுக்கி விழுகிறார் என்பதற்காக உறைவு மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். விழுவது மட்டும் அதற்குப் போதிய காரணம் இல்லை. அந்த வயதில் பாரிசவாத ஆபத்து அதைவிடப் பெரிது. அளவு, சிறுநீரகம், மாத்திரையை நினைவூட்ட வீட்டில் ஆள் ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் வீட்டில் இன்னொருவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கறுத்த மலம், நிற்காத மூக்கிரத்தம், தலையில் அடிபட்ட பிறகு வரும் தலைவலி, மயங்கி விழுதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், மலைப் பாதையில் அதில் பாதி வாகனத்திலேயே கழியும். வரும்போது மாத்திரை உறைகளையும் கொப்பியையும் கொண்டுவர வேண்டும். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும், அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்று முடிவு செய்யும்போது டொக்டர் அதைத்தான் கேட்பார்.